கூரை மாற்றும் முன் ஒரு கணக்கு: பிரிஞ்சாங் மலையில் ஈரத்தின் விலை

கூரை ஒழுகத் தொடங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "தகடு ஓர் அடி என்ன விலை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிரிஞ்சாங் போன்ற மலையூரில் அதற்குக் கிடைக்கும் பதில், நீங்கள் கட்டப்போகும் மொத்தத் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே சொல்லும். அதைவிடப் பெரிய கேள்வி, "இந்தக் கூரை எத்தனை ஆண்டு நிற்கும்?" என்பது. அதைத் தீர்மானிப்பவை மூன்று: மலையின் ஈரம், தகட்டின் மேல் பூசியிருக்கும் சில மைக்ரான் உலோகம், யார் கண்ணிலும் படாத திருகாணிகள்.

மனிதருக்கு இதம், கூரைக்குக் கடுமை

'கடுமையான தட்பவெப்பம்' என்றால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொருள். கனடாவில் அது கூரைமேல் குவியும் பனி. சென்னையிலும் பினாங்கிலும் கடலோர வீடுகளுக்கு அது உப்புக் காற்று. ராஜஸ்தானில் சுட்டெரிக்கும் வெயில். கேமரன் மலையில் பனிக்கட்டியும் இல்லை, கடல் உப்பும் இல்லை. இங்கே கூரையின் எதிரி காயாத ஈரம்.

பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே பிரிஞ்சாங் மலைமுகடு 2,000 மீட்டரைத் தொடுகிறது. கேமரன் மலையின் சராசரி வெப்பநிலை சுமார் 18 பாகை செல்சியஸ். நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 பாகை, 1978 பிப்ரவரி 1ஆம் நாள் இந்த மலையில்தான் பதிவானது. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு.

மழையின் அளவு மட்டும் காரணமில்லை. தைப்பிங்கில் இதைவிட அதிகமாகவே பெய்கிறது. ஆனால் அங்கே மழை விட்டு வெயில் வந்தால் தகடு விரைவில் காய்ந்துவிடும். மலையில் மழை விட்டபின் மேகம் இறங்கி வீட்டைச் சூழ்ந்துகொள்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியை ஏற்க முடியாது. ஆகவே மாலையில் நனைந்த தகடு, மறுநாள் வெயில் ஏறும்வரை நனைந்தபடியே கிடக்கும்.

நனைந்த நேரம்தான் கணக்கு

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். அதைத் தடுக்கத்தான் இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசுகிறார்கள். நாம் பேச்சுவழக்கில் 'ஜிங்க்' என்று சொல்லும் கூரை அதுதான். பிரான்ஸ் நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் 1837இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1829இல், நெளிநெளியான தகட்டுக்கு இங்கிலாந்தின் ஹென்றி பாமர் காப்புரிமை வாங்கியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிற்காலத்தில் உலகெங்கும் தோட்ட லயங்களின் தலைமேல் ஏறிய தகரக் கூரை.

துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உலோகம். அது இருக்கும்வரை இரும்பு பிழைக்கும். ஆனால் அதன் தடிமன் எவ்வளவு தெரியுமா? சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு என்று குறிக்கப்பட்ட நல்ல தகட்டில், இரு பக்கமும் சேர்த்துத்தான் அந்த 275 கிராம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இந்த 20 மைக்ரான் எவ்வளவு காலம் தாங்கும்? காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் அனைத்துலகத் தரவிதி ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 9223 என்று பெயர். அது பார்ப்பவை: காற்றிலுள்ள உப்பு, கந்தகப் புகை, கூடவே 'நனைந்த நேரம்', அதாவது ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும் மணிக்கணக்கு. நடுத்தர அரிப்பு வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான்வரை கரையும் என்கிறது அந்த விதி. வகுத்துப் பாருங்கள். ஒரே தகடு, கரையும் வேகம் குறைவாக இருந்தால் 28 ஆண்டு பாதுகாப்பு தரும். வேகம் அதிகமானால் 10 ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் வகுத்துப் பாருங்கள். சந்தையில் 100 கிராம் பூச்சுள்ள தகடும் உண்டு. அதில் ஒரு பக்கத்துக்கு 7 மைக்ரான்தான். ஆண்டுக்கு 1.4 மைக்ரான் கரைவதாக வைத்தால், 275 கிராம் தகட்டின் பூச்சு 14 ஆண்டு தாங்கும். 100 கிராம் தகட்டுக்கு ஐந்தே ஆண்டு. கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் இன்னொரு வகை, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. 1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எடையில் 55 விழுக்காடு அலுமினியம், 43 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் துத்தநாகம், மீதி சிலிக்கான். பொதுவான சூழலில் இது அதே தடிமனுள்ள வெறும் துத்தநாகப் பூச்சைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு காலம் தாங்கும். ஆனால் ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் இதற்கு ஆகாது. செம்புக் குழாயிலிருந்து வடியும் நீரும், ஈயத் தகடும் இதன்மேல் படக்கூடாது.

மேலே மழை, கீழே வேர்வை

மழையே பெய்யாத இரவிலும் மலைவீட்டின் கூரை நனையும், அதுவும் உள்பக்கமாக. "கூரை ஒழுகுகிறது" என்று குத்தகையாளரை அழைப்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒழுகுவதே இல்லை; தகடு வேர்க்கிறது.

தெளிந்த இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். காற்று 18 பாகையில், 90 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்தால், அதிலுள்ள நீராவி 16.3 பாகையிலேயே நீராகப் படியத் தொடங்கும். அதாவது தகடு காற்றைவிட இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும். வீட்டுக்குள் சமைக்கிறோம், வெந்நீர் வைக்கிறோம், மழைக்காலத்தில் துணியை உள்ளேயே காயப்போடுகிறோம், நான்கு பேர் இரவெல்லாம் மூச்சு விடுகிறோம். இந்த நீராவி எல்லாம் மேலே ஏறி, குளிர்ந்த தகட்டின் அடியில் துளித்துளியாகத் தொங்கும்.

மழை படும் மேல்பக்கத்தை வெயில் காயவைக்கும். அடிப்பக்கத்தை யாரும் காயவைப்பதில்லை. அதனால்தான் மேலே பார்க்க நன்றாக இருக்கும் தகடு அடியிலிருந்து ஓட்டையாகிறது. மரச்சட்டமும் தப்புவதில்லை. காற்றில் 90 விழுக்காடு ஈரப்பதம் நிலைத்திருந்தால், மரம் தானாகவே ஏறக்குறைய 20 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் வேர்வைத் துளியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

இதற்குத் தீர்வு தகட்டை மாற்றுவது மட்டுமல்ல. தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு, உள்கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று ஓட இடம், முகட்டிலும் ஓரத்திலும் காற்றுத் துவாரம், அடுப்படி நீராவி நேரே வெளியே போக வழி. இவை இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த தகட்டைப் போட்டாலும் அது அடியில் வேர்க்கத்தான் செய்யும்.

செலவுப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் பரப்பளவு. 20 அடிக்கு 30 அடி வீடு என்றால் 600 சதுர அடி என்று மனத்தில் நிற்கும். ஆனால் மழைச்சாரலுக்காகச் சுற்றிலும் 2 அடி கூரையை நீட்டினால் 24க்கு 34, அதாவது 816 சதுர அடி. கூரையின் சரிவு 15 பாகை என்றால் உண்மைப் பரப்பு சுமார் 845 சதுர அடி. தரைப் பரப்பைவிட 40 விழுக்காடு அதிகம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்கள் இதில் சேரவில்லை. இந்தக் கூரைமேல் ஓர் ஆண்டில் விழும் மழை இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். அவ்வளவையும் ஒரு துளி உள்ளே விடாமல் வழியனுப்புவதுதான் கூரையின் வேலை.

அடுத்து, தகடு தவிர்த்த செலவுகள். பழைய கூரையைக் கழற்றும் கூலி, சாரம், உளுத்த மரச்சட்டத்தை மாற்றும் தச்சு வேலை, முகட்டுத் தகடு, நீர்த்தாரை, திருகாணி, பழைய தகட்டை அப்புறப்படுத்தும் செலவு, தாப்பாவிலிருந்தோ சிம்பாங் பூலாயிலிருந்தோ மலைச்சாலையில் லாரி ஏறி வரும் வாடகை. இவற்றில் பெரும்பாலானவை தகடு மலிவானதா உயர்ந்ததா என்று பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே கூலி, ஒரே சாரம், ஒரே லாரி.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலையல்ல. உங்கள் பட்டியலில் உள்ள எண்களை இதேபோல் போட்டுப் பாருங்கள். தகடு 5,000 ரிங்கிட், மற்ற எல்லாம் 10,000, ஆக மொத்தம் 15,000. அது 12 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 1,250 ரிங்கிட். இப்போது தகட்டுக்கு ஒன்றரை மடங்கு கொடுத்து 7,500 ஆக்குங்கள். தரமான திருகாணிக்கும் விரிப்புக்கும் இன்னும் 1,000 சேருங்கள். மொத்தம் 18,500. அது 25 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 740 ரிங்கிட். பட்டியலில் கால் பங்குகூட ஏறவில்லை. ஆயுள் இரு மடங்காகிவிட்டது. மலிவுக் கூரை வைத்தவர் அதே 25 ஆண்டில் இரண்டு முறை கூலி கொடுத்து, 30,000 ரிங்கிட் செலவழித்து, மூன்றாவது கூரைக்கும் விலை விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஓடு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். சிமெண்டு ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 45 முதல் 50 கிலோ எடை வரும். உலோகத் தகடு 4 முதல் 5 கிலோதான். தகட்டுக்காகக் கட்டிய சட்டத்தின் மேல் ஓட்டை ஏற்ற முடியாது. சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும். நுண்துளைகள் உள்ள ஓடு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் மலையில் பாசியும் எளிதில் படரும்.

சின்னத் திருகாணி, பெரிய வேலை

மலைச்சரிவில் அடிக்கும் காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றில் அந்த விசை சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோவை எட்டும்; கூரை ஓரங்களிலும் மூலைகளிலும் அதையும் தாண்டும். தகட்டின் சொந்த எடை 5 கிலோதான். மீதியைப் பிடித்து வைத்திருப்பவை திருகாணிகள்.

அதோடு, 6 மீட்டர் நீளத் தகடு இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 35 பாகை மாறினால், ஒவ்வொரு நாளும் 2.5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். பழைய லயங்களில் அடித்திருந்த ஆணிகள் இந்த இழுபறியில் மெல்ல மெல்ல மேலே எழும்பிவிடும். ரப்பர் வாஷருடன் கூடிய திருகாணி இதைத் தாங்கும். ஆனால் ரப்பர் நைந்துபோனால் அந்த ஓட்டையில்தான் முதல் துளி இறங்கும். 25 ஆண்டு நிற்கும் தகட்டில் 8 ஆண்டில் துருப்பிடிக்கும் திருகாணியை அடித்தால், அது 8 ஆண்டுக் கூரைதான். ஆஸ்திரேலியத் தரவிதி ஏ.எஸ். 3566 திருகாணிகளை அரிப்பு தாங்கும் திறன்படி வகை பிரிக்கிறது. உங்கள் குத்தகையாளரிடம் எந்த வகை என்று கேட்டு, அதைப் பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால்

சில பழைய வீடுகளில் சாம்பல் நிற நெளிவுத் தகடு இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கலாம். முழுதாகக் கிடக்கும்வரை அதன் ஆபத்து குறைவு. உடைத்தாலும், அறுத்தாலும், துளையிட்டாலும், அழுத்த நீரால் கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மலேசியாவில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவு 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகும் குத்தகையாளரின் விலை மலிவாக இருப்பதில் வியப்பில்லை. மீதிச் செலவை அக்கம்பக்கத்தாரின் நுரையீரல் கட்டுகிறது. தகட்டை நனைத்து, உடைக்காமல் கழற்றி, இரட்டை உறையிட்டு, முறைப்படி ஒப்படைப்பதற்கான செலவு பட்டியலில் தனியாக இருக்க வேண்டும்.

இந்தக் கூரையை விலக்குவது ஒரு நாட்டுக்கே எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இலங்கை ஒரு சான்று. அங்கே மலையகத் தோட்டங்கள் உட்பட நாடெங்கும் இந்தக் கூரைகள் ஏராளம். 2018 தொடக்கத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகக் கூறி, ஆஸ்பெஸ்டாஸ் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாள்களில் இலங்கை தன் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. தேயிலை விற்க வேண்டும் என்பதற்காகத் தேயிலை பறிப்பவரின் தலைமேல் அந்தக் கூரை தங்கிவிட்டது.

கூரை யாருடையது?

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து, தோட்ட வீடு வேலையோடு வருவது; வேலை முடிந்தால் போவது. அத்தகைய வீட்டின் கூரையைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவரின் சுமையல்ல. வேலையாட்களுக்குத் தரும் வீட்டின் குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வரையறுக்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு மேலும் பலருக்கு விரிவாக்கப்பட்டது. ஒழுகும் இடத்தைப் படமெடுத்து, தேதியிட்டு, எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். வாய்மொழிப் புகார் மழையோடு போய்விடும்.

ஓய்வுபெற்று வெளியே சொந்த வீட்டுக்கு வந்தவர்களின் நிலை வேறு. கூரைதான் அவர்கள் சந்திக்கும் பெரிய செலவுகளில் ஒன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் இங்கே பலர். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் 25 ஆண்டுக் கூரைக்குப் பணம் போடத் தயங்குவது இயல்பே. மலிவுத் தகடு மலையில் விற்பதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. ஆண்டுக் கணக்கு நன்றாகத் தெரிந்தும் மொத்தமாகக் கையில் பணமில்லாத குடும்பங்களும் அதைத்தான் வாங்குகின்றன. வறிய குடும்பங்களின் வீட்டைக் கட்டவும் பழுதுபார்க்கவும் கிராமப்புற வளர்ச்சி அமைச்சின் உதவித் திட்டம் உண்டு. தகுதி இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

வேலை தொடங்கும் முன்

முதலில், கூரை முழுவதும் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தகட்டின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்து, திருகாணிகளைச் சுற்றி மட்டும் துரு என்றால், திருகாணியையும் முகட்டுத் தகட்டையும் மாற்றி, துருவைச் சுரண்டி வண்ணம் பூசினால் சில ஆண்டுகள் ஓட்டலாம். மரச்சட்டத்தில் திருப்புளியைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் சட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது உறுதியானால், இவற்றைப் பட்டியலில் எழுத்தில் கேளுங்கள்: தகட்டின் தடிமன், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு, திருகாணி வகை, அடி விரிப்பு உண்டா, பழைய கூரை எங்கே போகும். "நல்ல சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பட்டியலே அல்ல.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் ஜூன், ஜூலையும் மலையில் மழை குறைந்த காலம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூரையைத் திறக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் சாலை நெரிசலில் லாரி மாட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதுத் தகடு வந்ததும் படுதா போட்டு மூடி அடுக்கி வைக்கிறோம். தகடுகளுக்கு நடுவே ஈரம் மாட்டிக்கொண்டால், கூரையில் ஏறும் முன்பே வெள்ளைத் துரு பூத்துவிடும். சற்றுச் சரிவாக, தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் புக இடைவெளி விட்டு வையுங்கள். தகட்டை அரைவைச் சக்கரத்தால் அறுக்க விடாதீர்கள். தெறிக்கும் இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் துருவாகும். வெட்டுக் கத்தரியே நல்லது. புளிக் காடி வாடை அடிக்கும் சிலிக்கான் பசையும் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் பூச்சை அரிக்கும்.

கூரை ஏறியபின் ஆண்டுக்கு இரண்டு முறை, பெருமழை மாதங்களுக்கு முன், நீர்த்தாரையில் தேங்கிய இலையையும் பாசியையும் வாரிவிடுங்கள். குப்பை தேங்கிய இடத்தில் தகடு காய்வதே இல்லை. அரை நாள் வேலைதான். கூரையின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி மலையில் கிடையாது.